நெட்டா அறுத்த துப்பாக்கி

துப்பாக்கிச் சந்தையில் எந்த மேசை முன்னால் நின்றாலும் பக்கத்து வீட்டுப் பெண்மணி நெட்டா முதலில் மூக்கிரும்பைத்தான் எடுப்பார். பழைய ராணுவ ரைபிளின் குழல் முனையைக் கவ்விக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு அது. பிஸ்கட் டின்களில் ஸ்க்ரூக்களோடும் வளையங்களோடும் கலந்து கிடக்கும். அதைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கம் கொத்தியிருக்கும் எண்ணைப் படிப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்துவிடுவார். அடுத்த டின், அடுத்த மூக்கிரும்பு. எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து பதினோரு வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தின் தென்கோடி ஊர்கள்: இன்வர்கார்கில், கோர், ஒருமுறை டனீடின். எல்லா ஊரிலும் இதே கதை.

அவர் தேடிய எண் 4417. அந்த எண் கொண்ட மூக்கிரும்பு உலகத்தில் எங்கும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 1942இல் போருக்காக இரும்பு சேர்த்தபோது, பள்ளிக்கூட வாசலில் வைத்திருந்த பீப்பாயில் அதைக் கொண்டுபோய்ப் போட்டவரே அவர்தான். "உருகிக் கப்பலாகி, கப்பலும் முங்கியிருக்கும்" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த டின்னைத் தன் பக்கம் இழுப்பார்.

என் அப்பா இறைச்சி ஆலையில் கத்தி பிடிப்பவர். ஆலை ஓடாத நாட்களில் பழைய ரைபிள்களுக்கு உதிரி தேடி அலைவார். பக்கத்து வீட்டு நெட்டாவையும் வேனில் ஏற்றிக்கொள்வார். நெட்டா அப்போதுதான் பள்ளி விடுதிச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சந்தையில் பெண்கள் தேநீர் மேசைக்குப் பின்னால்தான் இருப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற ஒரே பெண் நெட்டா. ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு, "நெட்டா வர்றாங்க, விலைச் சீட்டை மாத்து" என்று சொல்லிக்கொண்டார்கள்.

4417 என்று எண் கொத்திய ரைபிள் அவருடைய அண்ணன் டூகலுடையது. 1937இல் ஊர் ரைபிள் கிளப் மூலமாக, வேலி போட்டுச் சம்பாதித்த காசில் வாங்கியது. டூகல் குறி பார்ப்பதில் கெட்டிக்காரர். இரண்டு வருஷம் தொடர்ந்து மாவட்டக் கேடயம் வாங்கினார். அந்த ரைபிளில் எல்லாம் முன்கட்டையில்தான் இருக்கிறது. குழலுக்குக் கீழே முனைவரை ஓடும் வால்நட் மரம் அது. அந்த மரம் இரும்பில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் குண்டு போய்ச் சேரும். டூகல் ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து, விளக்குக் கரியைத் தடவித் தடவி, எங்கே மரம் இரும்பில் இடிக்கிறது என்று பார்த்து, மயிரிழை மயிரிழையாகச் சீவி அதைப் பொருத்தினாராம். நெட்டா அப்போது பள்ளிச் சிறுமி. விளக்கைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை.

1940இல் டூகல் போருக்குக் கப்பலேறினார். ஊர்க்காவல் படைக்காக அரசாங்கம் வீட்டு ரைபிள்களைச் சேகரித்தபோது, அவர்கள் அப்பா அதை மட்டும் தவிட்டுப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். "அவன் வந்து கேப்பான்ல." அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

கிரீட் தீவில் டூகல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட செய்தி வந்த வருஷம் அவர்கள் அப்பாவைக் குதிரை உதைத்தது. இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். அடுத்த வருஷக் குளிர்காலத்தில் ஆட்டுக்கென்று போட்டிருந்த டர்னிப் வயலில் மலையிலிருந்து மான் கூட்டம் இறங்கியது. நெட்டாவுக்குப் பதினாறு வயது. தவிட்டுப் பெட்டியைத் திறந்தார். ரைபிள் கிட்டத்தட்ட ஒன்பது ராத்தல், நாலு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் மலையேற முடியவில்லை. தூக்கிப் பிடித்தால் குழல் முனை கீழே இழுத்தது. சுட்டதெல்லாம் தவறியது. அந்தக் காலத்தில் மான் சுடப் போகிற ஆண்கள் எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். பட்டறை மேசையில் அதை இறுக்கி, முன்கட்டையைப் பாதியில் ரம்பத்தால் அறுத்தார். குழலை மேலே மூடியிருக்கும் மேல்மரத்தைக் கழற்றினார். மூக்கிரும்பைக் கழற்றினார்.

"ஒரு ராத்தல் குறைஞ்சிது" என்று நெட்டா என்னிடம் சொல்லியிருக்கிறார். சீஸ் ரோலுக்கு ரொட்டியை விரித்துக்கொண்டே சொன்னார். "அந்த வாரமே மூணு மான். அறுத்த மரத்த அன்னைக்கு ராத்திரி அடுப்புல வச்சேன். என்னமா எரிஞ்சிது தெரியுமா? அண்ணன் அதுக்குப் போட்ட எண்ணெய் அப்படி."

1945 கடைசியில் டூகல் திரும்பி வந்தார். பாதி ஆளாக வந்தார். வந்த மூன்றாம் நாள், துணி துவைக்கும் அறையில் ஆணியில் தொங்கிய ரைபிளை எடுத்தார். நெட்டா வாசலில் நின்றுகொண்டிருந்தார். டூகல் குண்டேற்றும் போல்ட்டைக் கழற்றி, குழலைச் சன்னல் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்தார்.

"சுத்தமா வச்சிருக்க புள்ள" என்றார்.

திருப்பி மாட்டிவிட்டார். மறுநாள் அதன்மேல் தன் மழைக்கோட்டைத் தொங்கவிட்டார். அதற்கப்புறம் அவர் எந்த ரைபிளையும் தொடவில்லை. கிளப்பிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில், ஒரே மேசையில், ஐம்பது வருஷம் சாப்பிட்டார்கள். வானிலை பேசினார்கள், ரக்பி பேசினார்கள். ரைபிளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"திட்டியிருக்கலாம்" என்பார் நெட்டா. "ஒரே ஒரு வாட்டி, 'ஏண்டி அறுத்த?'ன்னு கேட்டிருக்கலாம். நான் பதில் வச்சிருந்தேன். மானு, அப்பா இடுப்பு, எல்லாம் வச்சிருந்தேன். கேக்கவே இல்லையே. சுத்தமா வச்சிருக்கன்னுட்டான்."

அந்தப் பாராட்டு தொண்டையில் சிக்கிய முள்ளாகவே நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரைபிளை முழுசாக்கி டூகல் கையில் கொடுத்தால் அவர் வாய் திறப்பார் என்று நெட்டா எப்படி முடிவு செய்தார் என்பது எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது காரணத்தையும் விளைவையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதால், எல்லாவற்றுக்கும் கோடு இருக்கும் என்று நம்பிவிட்டேன். நெட்டாவிடம் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். "வேற என்ன செய்யச் சொல்ற?" என்று திருப்பிக் கேட்டார்.

உதிரிகள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. செத்துப்போன ஒரு தபால்காரரின் சாமான்களை ஏலம் விட்டபோது ஆறு டாலருக்கு மேல்மரத்தின் பின்பாதி. ஒரு பெண்மணியின் கோழிக்கூட்டில் கதவுக் கொண்டியாக இருந்த வளையம். அதற்குப் பதிலாக நெட்டா அந்தப் பெண்மணிக்குப் புதுக் கொண்டியே வாங்கி மாட்டிவிட்டு வந்தார். வேறு எண் உள்ள மூக்கிரும்பு ஒன்றும் வாங்கினார், வேண்டாவெறுப்பாக. எல்லாவற்றையும் வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்தார். டூகலும் அதே அலமாரியிலிருந்துதான் துண்டு எடுப்பார். பார்த்திருக்க மாட்டாரா?

கிடைக்காதது முன்கட்டை. எங்கள் பக்கத்தில் அறுபடாத முன்கட்டை கிடைப்பது அவ்வளவு அபூர்வம், ஏனென்றால் அத்தனை பேரும் மானுக்காக அறுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் புதிதாகச் செய்த கட்டை விலைக்கு வந்தது. அப்பா காட்டினார்.

"பாக்க அழகாத்தான் இருக்கு, நெட்டா."

"பொய்ப்பல்லுகூட அழகாத்தான் இருக்கு. அண்ணன் கை வச்சா கண்டுபிடிச்சிருவான்."

அறுத்த கட்டையோடு வேறு துண்டை ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதற்கும் மறுத்துவிட்டார். அவருக்கு ஒரிஜினல்தான் வேண்டும். பழசு, அடிபட்டது, எவனோ ஒருவன் வியர்வை இறங்கியது.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் நெருப்பு. முழுசாக இருக்கும் ரைபிளை உதிரிக்காகப் பிரிப்பவர்களைக் கண்டால் ஆகாது. பிரித்து விற்றால் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்று, கோர் சந்தையில் ஒருவன் மேசைமேலேயே ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நல்ல ரைபிளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன்யா, கசாப்புக்காரன்கூட செத்ததத்தான்யா வெட்டுவான்!" என்று கத்தினார் நெட்டா.

பக்கத்தில் நின்ற என் அப்பா மெதுவாக, "நாங்க சாகடிச்சிட்டுத்தான் வெட்டுறோம், நெட்டா" என்றார்.

"நீ சும்மா இரு. உன்ன எவன் கேட்டான்?"

அன்று அந்த ரைபிளின் முன்கட்டை அறுபது டாலருக்குப் போயிற்று. நெட்டாவிடம் அறுபது டாலர் இருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ரெவியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ப்ளஃப் துறைமுகத்தில் சிப்பிப் படகில் வேலை செய்த மாவோரிப் பூர்வகுடி மனிதர், அப்போது ஐம்பது தாண்டியவர். இன்வர்கார்கில் சந்தையில் கடைசி மேசை அவருடையது. விற்க உதிரி வைத்திருப்பார். நடுவில் விற்காத ரைபிள் ஒன்றையும் வைத்திருப்பார். அவருடைய மாமா அதே கிளப் காலத்தில் வாங்கியது, மேலிருந்து கீழ்வரை ஒரு ஸ்க்ரூ மாறாதது. பக்கத்தில் ஓர் அட்டை: "தொடலாம். விலை கேட்டால் உதை."

"என்ன அத்தை, இந்த வருஷமும் மூக்கப் புடிச்சுப் பாக்க வந்தாச்சா?"

"உன் மூக்கப் புடிச்சுத் திருகினாத்தான் நீ விலைய எறக்குவ."

"என் மூக்குல நம்பர் இல்ல அத்தை. நல்லாப் பாத்துக்கோங்க."

அவர்களுடைய பேச்சு வருஷா வருஷம் இப்படித்தான். போகும்முன் நெட்டா அந்த முழு ரைபிளின் முன்கட்டைமேல் ஒருமுறை உள்ளங்கையை ஓட்டுவார். விலை கேட்டதில்லை.

1996 இலையுதிர் காலத்தில் டூகலுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கோரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். குளிர்காலம் தாண்டாது என்றார் டாக்டர். அந்த வாரக் கடைசியில் நெட்டா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, கிளம்பியே வந்திருந்தார்.

"ப்ளஃப் வரைக்கும் கொண்டுபோய் விடு" என்றார் அப்பாவிடம்.

விடுமுறைக்கு வந்திருந்த நானும் போனேன். ரெவி வீட்டுச் சமையலறையில் உப்பில் போட்டு வைக்கும் கடற்பறவை, உப்புப் பறவை, வெந்துகொண்டிருந்தது. சன்னலெல்லாம் எண்ணெய் ஆவி. நெட்டா தொப்பியைக் கழற்றவில்லை.

"நான் கேக்கக் கூடாதத கேக்க வந்திருக்கேன், ரெவி."

ரெவி அடுப்பை அணைத்தார். "விலை கேட்டா உதைன்னு எழுதி வச்சிருக்கேன்ல அத்தை."

"விலை கேக்கல. உன் ரைபிளப் பிரிச்சுக் கட்டைய மட்டும் குடுன்னு கேக்கறேன்."

"கோர்ல அந்தாளக் கசாப்புக்காரன்னு கத்துனது யாரு? ஊரே சிரிச்சிதே."

"நாந்தான்."

"அதே நீங்கதான் இப்போ கத்தியோட வந்திருக்கீங்க."

"ஆமா" என்றார் நெட்டா. "அண்ணன் போறதுக்குள்ள அவன் கையில வைக்கணும். அப்புறம் எனக்குக் கட்டை கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன?"

அப்பா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டா கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். ரெவி அதை மேசைமேல் வைக்கவே விடவில்லை.

"உள்ள வைங்க அத்தை. காசு வாங்கினா நான் வித்ததா ஆயிரும். மாமா எந்திரிச்சு வந்து மிதிப்பாரு. மரத்துக்கு மரம். இதே மாதிரி ஒரு கட்டை, அறுபடாதது, ஒரிஜினல், தேடி எனக்குக் கொண்டாந்து குடுங்க. எப்ப வேணா குடுங்க. ஆனா நீங்கதான் கொண்டாரணும்."

"கொண்டாரேன்."

"இன்னொண்ணு. இதுமேல அரம் படக்கூடாது. ஒரு சீவல்கூட எடுக்கக்கூடாது. எப்படி உக்காருதோ அப்படித்தான்."

அவரே கழற்றினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஸ்க்ரூக்களை ஒரு தேநீர்க் கோப்பையில் போட்டு வைத்தார். கட்டையை ஒரு பழைய கம்பளியில் சுற்றி நெட்டாவிடம் நீட்டினார். மேசைமேல் மிச்சம் கிடந்த ரைபிளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இறகு பிடுங்கிய உப்புப் பறவைபோல, குழல் மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. ரெவி அதன்மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டு மூடினார்.

அன்று மாலையே நெட்டாவின் சமையலறையில் அப்பா டூகலின் ரைபிளைக் கோத்தார். முன்கட்டை ஏறியது, ஆனால் இறுகவில்லை. வேறு ரைபிளுக்கென்று சீவிய மரம், இதில் எப்படி இறுகும்? சீவக் கூடாது என்பதால், அப்பா அட்டைத் துண்டுகளை மடித்து இடுக்கில் செருகிப் பார்த்தார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அது முழு நீளத்தில் கிடந்தது. நெட்டா பக்கத்தில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதியோர் இல்லத்தில் தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழிமறித்தார்.

"இது என்ன இது?"

"ரைபிள்" என்றார் நெட்டா.

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"பார்வையாளர் நேரம்தான?"

கடைசியில், நெட்டா கதையைச் சொன்ன பிறகு, போல்ட்டைக் கழற்றி நர்ஸின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டும்போது நர்ஸ், "எங்கப்பாவும் ஒண்ண அறுத்தாரு" என்று முணுமுணுத்தார்.

டூகல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். நெட்டா கம்பளியை விலக்கி, அவர் மடியில் ரைபிளை வைத்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கை தானாகப் பிடிக்குப் போயிற்று. இடது உள்ளங்கை முன்கட்டைக்குக் கீழே போய், ஏதோ ஓர் இடத்தில் நின்றது. கட்டை விரலால் குழலையும் மரத்தையும் சேர்த்து அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார்.

"ஆடுது" என்றார்.

நெட்டா கம்பளியை மடிக்க ஆரம்பித்தார்.

"இது என் கட்டை இல்லையே புள்ள. என்னோடது ஆடாது. யாரோடது?"

"ப்ளஃப் ரெவியோடது."

"அப்ப அவன் துப்பாக்கி?"

"மொட்டையா கெடக்கு."

டூகல் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நான் நர்ஸைக் கூப்பிடப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருமலும் சிரிப்புமாக வந்தது.

"ஒண்ண அறுத்தது பத்தாதுன்னு ஊரான் துப்பாக்கியையும் அறுத்துட்டு வந்திருக்கியா? ஏண்டி, உனக்கு அறிவே வராதா?"

நெட்டா கட்டிலோரமாக உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மான் வந்திச்சு, அண்ணே" என்றார். எழுபது வயதுப் பெண்மணி, பதினாறு வயதில் தயாரித்து வைத்திருந்த பதிலை ஒவ்வொன்றாகச் சொன்னார். மான், டர்னிப், அப்பாவின் இடுப்பு, ஒன்பது ராத்தல் கனம். டூகல் கேட்டுக்கொண்டே அந்தக் கட்டையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன விழுந்திச்சு?" என்று கேட்டார்.

"மொத வாரம் மூணு."

"அறுத்த துப்பாக்கியில மூணா? பரவாயில்லையே." பிறகு, "அவன் கட்டைய அவன்கிட்ட குடுத்துரு" என்றார்.

"வேற தேடித் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப தேடு."

பதினெட்டு நாள் கழித்து டூகல் போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் புரியாதது நடந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெட்டாவின் கடன் அன்றே தீர்ந்திருக்கும். அண்ணன் கை வைத்தாகிவிட்டது, திட்டியும் ஆகிவிட்டது. அப்பா இரண்டு முறை ஸ்க்ரூடிரைவரோடு போனார். ஒருமுறை நெட்டா அவருக்குச் சூப் கொடுத்து அனுப்பினார். இன்னொரு முறை, "அவன் புடிச்ச எடம் அதுல இருக்கு" என்று மட்டும் சொன்னார். ரெவி மரத்துக்கு மரம் என்றுதானே கேட்டார், அதே மரத்தைக் கேட்கவில்லையே என்றும் வாதாடினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. படித்தவள் என்கிற தைரியத்தில் அதைச் சொல்லியும்விட்டேன். "நியாயம் இல்லதான்" என்று ஒத்துக்கொண்டார். ஆனால் கொடுக்கவில்லை.

இன்னும் ஐந்து வருஷம் சந்தைகளுக்குப் போனார். இப்போது ரெவிக்காகத் தேடினார். டிமாருவில் ஒரு கட்டை கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அடியில் புழு அரித்திருந்தது. இன்னொன்று முழுசாக இருந்த ரைபிளிலிருந்து கழற்றியது என்று தெரிந்ததும் பாதி வழியில் வேனைத் திருப்பச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இன்வர்கார்கில் சந்தையில் ரெவியின் மேசையில் அந்த அட்டை இல்லை, ரைபிளும் இல்லை. "என்ன அத்தை, மரம் வளந்துருச்சா?" என்று மட்டும் கேட்பார். "நட்டிருக்கேன், நட்டிருக்கேன்" என்பார் நெட்டா. இருவரும் சிரிப்பார்கள். நெட்டா சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

2001இல் நெட்டா இறந்தார். ரைபிளை என் அப்பாவுக்கு எழுதி வைத்திருந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா ரெவியை ஓரமாகக் கூப்பிட்டார். "வா, வீட்டுக்குப் போலாம். இப்பவே கழட்டித் தரேன். உன் மாமாவோட கட்டை உன்கிட்ட வந்துரட்டும்."

ரெவி தலையை ஆட்டினார். "நீ எனக்கு ஒண்ணும் தரவேண்டியதில்லப்பா. அவங்கதான் தரணும்னு பேச்சு."

"அவங்க போயிட்டாங்களே ரெவி."

"தெரியும். நானுந்தான குழில மண்ணு போட்டேன்."

ப்ளஃபில் ரெவி வீட்டுத் துணி துவைக்கும் அறையில் அவர் மாமாவின் ரைபிள் முன்கட்டை இல்லாமலேயே நிற்கிறது. கடல் காற்றில் வெறும் குழல் துருப்பிடித்துவிடும் என்று மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறார். ஸ்க்ரூக்கள் அந்தத் தேநீர்க் கோப்பையிலேயே இருக்கின்றன. நெட்டா தரவேண்டிய மரம் இன்னும் போய்ச் சேரவில்லை.